நிறைகுடத்துக்குப் பின்னால் இருந்த பெட்டி

தொலைபேசி மணி அடித்தால் கிணற்றடிக்குப் போய்விடுகிற மனிதன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பயிருக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று வீட்டில் காரணம் சொல்லுவேன். அடைமழை பெய்த நாளிலும் அதே காரணத்தைச் சொன்னேன் என்று மனைவி பரமேஸ் இன்றைக்கும் ஊருக்குச் சொல்லித் திரிகிறாள். (மழையில் நனைந்துகொண்டே நின்றதை அவள் சொல்லுவதில்லை. அந்த அளவுக்கு நல்லவள்.)

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் தோட்டம் செய்கிறேன். வெங்காயம், பீற்றூட், கொஞ்சம் மிளகாய். வெங்காயத்தோடு கதைக்கத் தேவையில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம். அறிமுகமில்லாத ஒருவர் முன்னால் வந்து "சுகமோ?" என்று கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதில் தயாராகும்போது அவர் அடுத்த சந்தி தாண்டியிருப்பார்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்குத்தான் வைஃபை பெட்டி வந்தது. மகள் நிறோஜா பக்கத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் படிப்பு முடித்து, வீட்டில் இருந்தபடி வேலை செய்யத் தொடங்கியபோது வாங்கியது. முன் ஹோலில், வீதியைப் பார்த்த யன்னல் கட்டின்மேல் அதை வைத்தாள். நாலு பச்சை வெளிச்சம் எரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத பொருளிடம் எனக்கு எப்போதும் மரியாதை அதிகம். வாணி விழா அன்று மண்வெட்டி, தண்ணீர் மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தபோது இதற்கும் வைத்தேன். வெளிச்சம் எரிகிற பக்கத்தில் பூசினால் கண்ணை மறைத்தது போலாகும் என்று யோசித்து, கவனமாக அடிப்பக்கத்தில், ஏதோ சின்ன எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்த கடதாசியின் மேல் தாராளமாகப் பூசினேன். இந்தச் சந்தனத்தை வாசிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் மறந்துபோனேன்.

பிறகு நிறோஜாவுக்கு லண்டனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அதற்கு முன்னர் இரண்டு சம்பந்தங்கள் கிட்ட வந்து குழம்பிப் போயிருந்தன. பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது. இந்தத் தடவை சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை கபிலனும் நிறோஜாவும் இரண்டு வீட்டுக்கும் தெரியத்தான் மூன்று மாதமாகப் போனில் கதைத்தார்கள். ஒரே ஒரு முடிச்சுத்தான் மிச்சம். அந்த முடிச்சு நான்.

மாப்பிள்ளையின் தாய் சிவகாமி அம்மா என்னோடு கதைக்க விரும்பினார். முதல் தடவை எடுத்தபோது நான் கிணற்றடி. இரண்டாம் தடவையும் கிணற்றடி. மூன்றாம் தடவை அவர் என்னைக் கேட்கவில்லை, பரமேஸிடமே கேட்டுவிட்டார்.

"பொம்பிளையின்ரை தேப்பன் ஏன் ஒளிச்சுத் திரியிறார்? அவருக்கு விருப்பமில்லையோ, இல்லாட்டி எங்களுக்குத் தெரியாத விசயம் ஏதும் இருக்கோ?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு, படத்தோடு முகம் பார்த்துக் கதைப்பது. நான் இருக்க வேண்டும், வாய் திறக்க வேண்டும். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குவதால் அதற்கு முன்னால் நல்ல வார்த்தை பரிமாற வேண்டும். அன்றைக்கும் சரிவராவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம் என்று சிவகாமி அம்மா கோபமில்லாமல் சொன்னார். கோபமில்லாமல் சொன்னதால்தான் எல்லோருக்கும் பயம் பிடித்தது.

நிறோஜா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, பத்து நிமிசம். ஓம், இல்லை எண்டாவது சொல்லுங்கோ. கிணத்தடிக்குப் போயிடாதேங்கோ."

ஞாயிறு காலையே பரமேஸின் அண்ணன், என் மச்சான் கனகர், தொண்டைமானாற்றில் இருந்து சந்நிதி முருகன் கோயில் திருநீற்றோடும் ஒரு கடதாசியோடும் வந்திறங்கினார். ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் கடைசிப் பேச்சு அவருடையதுதான். கடதாசியில் நான் பேச வேண்டியதை எழுதியிருந்தார். "பெருமதிப்புக்குரிய சம்பந்தி வீட்டாருக்கு எமது இல்லத்தின் சார்பில்" என்று தொடங்கியது. மூன்றாம் வரியைத் தாண்டும்போது எனக்கே யாரோ காலமாகிவிட்டது போல இருந்தது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகள் கொஞ்சம். அதில் இது பெரியது.

"நிறைகுடம் வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

கனகர் சிரித்தார். வேலிப் படலையால் ஒருவரும் வராதபோது வாசலில் நிறைகுடம் எதற்கு என்றார்.

"அவை இந்தப் பெட்டியாலைதானே வருகினம்," என்றேன். "அப்ப பெட்டிதானே வாசல்?"

கனகர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. "இஞ்சை பார் பரமேஸ், உன்ரை மனிசன் யோசிச்சிருக்கிறான்," என்றார். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

யன்னல் கட்டில் நிறைகுடம் நிற்காது. ஆகவே பெட்டியைக் கீழே இறக்கினோம். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த மூலையில் ஒரு சின்ன முக்காலி போட்டு, பட்டுத் துண்டு விரித்து, பெட்டியை அமர்த்தினேன். நீட்டு வயர் ஒன்று இழுத்து மின்சாரம் கொடுத்தேன். அதற்கு முன்னால் தலைவாழையிலை, அரிசி, அதன்மேல் கோயிலுக்கே இரவல் போகிற எங்கள் பெரிய பித்தளைக் குடம். கழுத்து மட்டும் தண்ணீர். மாவிலை, தேங்காய். இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரக் குத்துவிளக்கு. தூரத்தில் நின்று பார்த்தேன். பெட்டி தெரியவில்லை. மூலஸ்தானம் தெரிந்தது.

நிறோஜா அறைக்குள் சேலை உடுத்திக்கொண்டு இருந்தாள். இரண்டரைக்கு உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, பெட்டியிலை லைட் பச்சைதானே?"

குனிந்து குடத்துக்குப் பின்னால் பார்த்தேன். ஒரே ஒரு வெளிச்சம். சிவப்பு.

"ஓம் பிள்ளை," என்றேன். அது அன்றைய முதல் பொய்.

பெட்டி படுத்தால் என்ன செய்வது என்று நிறோஜா ஒருமுறை எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். வயரைக் கழற்று, முப்பது வரை எண்ணு, திரும்பக் கொழுவு. கழற்றினேன். எண்ணினேன். இருபதைத் தாண்டியபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பயந்து, மிச்சத்தை ஓடிக் கடந்தேன். கொழுவினேன். சிவப்பு. திரும்பவும் கழற்றி, இந்தத் தடவை ஒழுங்காக முப்பது எண்ணி, சந்நிதியானுக்காக இன்னும் ஒரு ஆறு சேர்த்து எண்ணிக் கொழுவினேன். முருகனும் பச்சை காட்டவில்லை.

அப்போதுதான் நான் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். பரமேஸின் போனை எடுத்து, பெட்டியின் மேல்பக்கத்தில் இருந்த உதவி இலக்கத்துக்கு நானே அடித்தேன். தமிழுக்கு இரண்டை அமர்த்தச் சொன்னது. அமர்த்தினேன். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்தபோது ஒரு பெண்பிள்ளை, நல்ல தன்மையான குரல், "சொல்லுங்கோ ஐயா" என்றாள்.

என்ன சொல்ல? நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "சிவப்பு," என்றேன்.

அவள் விளங்கிக்கொண்டாள். எத்தனை வெளிச்சம், எந்த இடம் என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, பெட்டியை வழமையா வைக்கிற இடத்திலை இருந்து மாத்தினீங்களோ?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து பரமேஸ் பயற்றம் பணியாரத் தட்டோடு ஹோலுக்குள் வந்தாள். (லண்டன்காரர் சாப்பிட முடியாது, ஆனால் பார்க்கலாமே.) பின்னால் கனகர். அவர் கண்ணில் அந்த மரியாதை இன்னும் ஆறவில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

"அதுக்கு முன்னாலை தண்ணி, பித்தளை, இரும்பு மாதிரி ஏதும் மறைச்சுக்கொண்டு இருக்கோ? அப்பிடி இருந்தால் சிக்னல் வராது ஐயா."

எனக்கும் பெட்டிக்கும் நடுவில் குடம் நின்றது. தண்ணீரும் இருந்தது, பித்தளையும் இருந்தது. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறாளோ என்று நான் யன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. யன்னலிலைதான் இருக்கு."

அவள் மூச்சு விட்டது கேட்டது. அப்படியென்றால் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஊசி ஒன்றால் பத்து செக்கன் அமர்த்தலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். அறைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன். அந்த விஷயத்தைக் கேட்கவில்லை. பரமேஸின் சேலையில் இருந்து ஒரு பின்னைக் கழற்றச் சொல்லி, ஓட்டைக்குள் விட்டு, பத்து என்ன, பதினைந்து செக்கன் அமர்த்தினேன். இருந்த ஒரு வெளிச்சமும் அணைந்தது. சிவப்பும் போய்விட்டதைப் பார்த்து ஒரு கணம் சந்தோசப்பட்டேன்.

நிறோஜா வெளியே வந்து மடிக்கணினியைத் திறந்தாள். எங்கள் வீட்டு வைஃபையின் பெயரே அதில் இல்லை. அவள் மூலையைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், என் கையில் இருந்த பின்னைப் பார்த்தாள்.

"அப்பா, றீசெற் பண்ணிட்டியளோ?"

நான் தேங்காயைப் பார்த்தேன்.

பழைய பாஸ்வேர்ட் அழிந்துவிட்டது. பெட்டி வாங்கியபோது இருந்த பாஸ்வேர்ட்தான் இனி வேலை செய்யும். அது பெட்டியின் அடியில் அச்சடித்து ஒட்டியிருக்கும். நிறோஜா பெட்டியைத் திருப்பினாள். அங்கே என் சந்தனம் சீமெந்து போலக் காய்ந்து கிடந்தது.

கல்யாணப் பேச்சுக்கென்று மருதாணி போட்ட விரல் நகத்தால் என் பிள்ளை சந்தனத்தைச் சுரண்டினாள். நான் ஈரத் துவாயால் துடைத்தேன். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது, இரண்டைத் தவிர. அந்த இரண்டுக்கும் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மூன்று மணி அடித்தது. மூன்றேகால். லண்டனில் இருந்து பரமேஸின் போனுக்கு அழைப்பு வந்து நின்றது. ஒருவரும் எடுக்கவில்லை, என்ன சொல்வதென்று தெரியாததால். அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. சேலைத் தலைப்பில் சந்தனத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றே முக்காலுக்கு மடிக்கணினி பெட்டியைப் பிடித்தது. பெட்டியில் இப்போது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, ஒரு நோஞ்சான் மஞ்சள். "இதை யன்னலுக்குக் கொண்டுபோவம்," என்றாள் நிறோஜா. கனகர் தடுத்தார். வைத்த நிறைகுடத்தை வருகிறவர்கள் வரமுன்னம் அரக்கினால், ஒரு சாண் நகர்த்தினாலும், அபசகுனம் என்றார். நிறோஜா என்னைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை.

படம் வந்தது. ஒரு நீளக் கதிரையிலும் அதன் பின்னாலுமாகப் பதினொரு பேர். நடுவில் சிவகாமி அம்மா. "வணக்கம் அண்ணை, ஒருமாதிரி உங்களை..." என்றார். அத்தோடு உறைந்தார். வாய் பாதி திறந்தபடி, ஒரு கை பாதி உயர்ந்தபடி. பிறகு கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நிறோஜா அந்தச் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் படம் உறைந்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி இலேசானது. தப்பினேன் என்று. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா," என்றாள், மெதுவாக. "கதைக்கப் பயத்திலை வேணுமெண்டு செய்தனீங்களோ?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அன்றைக்கு நான் சொன்ன "இல்லை"கள் ஏற்கனவே நிறைய. அவள் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் தெளிவாகக் கிடைக்கும் படலையடிக்குக் கபிலனோடு கதைக்கப் போனாள். பரமேஸ் பின்னால் ஓடினாள். ராகுகாலம் நாலரைக்குத்தானா, இரண்டொரு நிமிடம் அங்கே இங்கே இருக்குமா என்று பஞ்சாங்கம் பார்க்கக் கனகர் சாமியறைக்குள் போனார். மணி நாலே கால்.

ஹோலில் நானும் உறைந்துபோன பதினொரு பேரும்.

குடத்தைத் தூக்கினேன். அபசகுனம் என் தலையோடு போகட்டும். தண்ணீர் என் சேட்டிலும் நிலத்திலும் சிந்தியது. பெட்டியைப் பட்டுத் துண்டோடு எடுத்து யன்னல் கட்டில் வைத்தேன். ஒரு பச்சை. இன்னும் உயர்த்தினால் இன்னும் வரும் என்று பட்டது. கதிரையை இழுத்துப் போட்டு, வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, ஏறி, இரண்டு கையாலும் பெட்டியை யன்னலின் மேல் கம்பியோடு உயர்த்திப் பிடித்தேன். இரண்டு பச்சை. மூன்று. மடிக்கணினி என் முதுகுப் பக்கம். திரும்பி ஒருமுறை பார்த்தேன். சிவகாமி அம்மா அதே பாதி வாயோடு இருந்தார்.

அசையாத முகத்துக்கு முன்னால் எனக்கு வெட்கம் வரவில்லை. படத்துக்கு யார் வெட்கப்படுவார்கள்? மறுபடி யன்னல் பக்கம் திரும்பி, பெட்டியைப் பிடித்தபடியே கதைத்தேன்.

"அம்மா, உங்களுக்குக் கேக்காது எண்டு தெரியும். அதாலைதான் சொல்லுறன். நான் ஒளிச்சுத் திரிஞ்சது உண்மை. ரெண்டு தரமும் கிணத்தடியிலைதான் நிண்டனான். தண்ணி இறைக்கேல்லை, சும்மா நிண்டனான். உங்களைப் பாக்க என்ரை மூத்தக்கா மாதிரிக் கிடக்கு. அவவுக்கும் நான் பயம்."

நாலாவது வெளிச்சம் பச்சையாகியது. நான் நிறுத்தவில்லை.

"எனக்கு அஞ்சாம் வகுப்பு. நான் வாயைத் திறந்து பிள்ளைக்கு வெக்கக்கேடு வந்திடுமோ எண்டுதான் பயந்தனான். என்ரை பிள்ளை கெட்டிக்காரி. சமையல் அவ்வளவு வராது. மச்சான் கடதாசியிலை வேறை மாதிரி எழுதியிருக்கிறார், அது பொய். கோவம் வந்தால் கத்தமாட்டாள், பேசாமல் எழும்பிப் போயிடுவாள். அப்ப ஆராவது பின்னாலை போகவேணும். அவளுக்கு அந்தத் தம்பியிலை விருப்பம் அம்மா. மூண்டு மாசமாக் குசினிக்குள்ளை பாடுறாள். பாட்டும் வராது. ஆனால் பாடுறாள். அதை நான் கெடுத்துப்போட்டு இந்த வீட்டிலை எப்பிடி இருக்கிறது?"

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சிய சத்தம். திரும்பினேன். வாசலில் நிறோஜா நின்றாள், போன் காதில். பக்கத்தில் பரமேஸ். எவ்வளவு நேரமாக நின்றார்களோ. உள்ளே ஓடிவரப் போன நிறோஜாவிடம் கபிலன்தான் போனில் சொல்லியிருக்கிறார், "உங்கடை அப்பா கதைக்கிறார், குறுக்கை போகாதேங்கோ" என்று.

பிறகுதான் மடிக்கணினியைப் பார்த்தேன். சிவகாமி அம்மாவின் வாய் மூடியிருந்தது. கை கண்ணடியில் இருந்தது. பின்னால் நின்றவர்கள் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் பக்கம் எப்போதோ எல்லாம் சரியாகியிருந்தது. நான் கதிரையில் ஏறியதில் இருந்து, மடித்துக் கட்டிய வேட்டி, அதன் கீழே நீலக் கோடு போட்ட கட்டைக் காற்சட்டை உட்பட, லண்டன் முழுவதும் பார்த்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

நிறோஜா சத்தத்தைக் கூட்டினாள். சிவகாமி அம்மா என்னோடு நேரே கதைத்த முதல் முழு வசனம் இதுதான்:

"அண்ணை, முதல் கீழை இறங்குங்கோ. பிறகு வேட்டியையும் இறக்குங்கோ."

இறங்கினேன். நிலம் பிளக்கும் என்று பார்த்தேன். கோப்பாய்ச் செம்மண் அன்றைக்கு இறுக்கமாக இருந்தது. சிவகாமி அம்மா நேரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தாறு.

"எங்கடை வீட்டிலை எல்லாரும் கதைக்கிற ஆக்கள்தான் அண்ணை. பொய் சொல்லத் தெரியாத ஒராள் எங்களுக்கும் வேணும். கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."

(உதவி இலக்கத்துப் பிள்ளை அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள்?)

அப்போது கனகர் பஞ்சாங்கத்தோடு வெளியே வந்து, ஈரத்தில் வழுக்கி, அலுமாரியைப் பிடித்து நிமிர்ந்து, "ஆர் நிறைகுடத்தை அரக்கினது?" என்றார். லண்டனில் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை. அந்தக் கடதாசியைக் கல்யாணத்தில் வாசித்தார், சமையல் பற்றிய வரி உட்பட.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் நிறைகுடத்தைக் கண்ட மருமகன் நின்றுவிட்டார். "மாமா, இதைக் கொஞ்சம் அரக்குங்கோ, எங்களுக்கு உள்ளுக்கு வரச் சிக்னல் காணாது," என்றார். இப்போதும் எந்த வீட்டில் இன்டர்நெற் இழுத்தாலும் எங்கள் சொந்தத்துக்குள் முதல் கேள்வி, "குடம் எங்கை நிக்குது?" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிறோஜா லண்டனில் இருந்து படத்தோடு எடுப்பாள். கதைத்து முடித்துப் போனை மாமியாரிடம் கொடுப்பாள். எனக்கு வழக்கம் போல நாக்கு ஒட்டிக்கொள்ளும், கால் கிணற்றடிப் பக்கம் திரும்பும். அப்போது சிவகாமி அம்மா வாயைப் பாதி திறந்து, ஒரு கையைப் பாதி உயர்த்தி, அப்படியே அசையாமல் இருப்பார். படம் உறைந்துவிட்டது போல. நான் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, வெங்காயம் இந்த முறை எப்படி என்பதில் இருந்து தொடங்குவேன். நடுவில் அவர் கண் சிமிட்டுவது எனக்குத் தெரியும். நான் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை.